வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் தம்பதிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நானும் என் வீட்டுக்காரரும் 2008 முதல் 2022 வரை ஷார்ஜாவில் இருந்தோம். நான் மருத்துவமனையில் நர்ஸ், அவர் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். 2022 மே மாதம் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மன்னார்குடிக்கே வந்துவிட்டோம். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒருவராவது போன் போட்டுச் சந்தேகம் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். எங்களுக்குத் தெரிந்தது அமீரகம். சவூதி, குவைத், கத்தாரில் இருப்பவர்கள் வேலை, விசா சம்பந்தமான பகுதிக்கு அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியா பக்கத்து விதிகள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அக்கா, எவ்வளவு சேர்த்தால் தைரியமாக ஊருக்கு வரலாம்?

ஒரே தொகையாகச் சொல்ல முடியாது. ஆனால் கணக்கு போடும் விதத்தைச் சொல்லலாம். லீவில் வந்த மாதத்தின் செலவை வைத்துக் கணக்கு போடாதீர்கள், அது விருந்தாளியின் செலவு. ஊரில் உங்களைப் போலவே குடும்பம் நடத்தும் ஒருவரிடம் கரண்ட் பில், பால், பள்ளிக் கட்டணம், மருந்து, மொய் எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். மொய் முக்கியம், வைகாசியிலும் ஆவணியிலும் அது தனிச் சம்பளமே கேட்கும். கரண்டுக்கு இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம். அங்கே ஏசியில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அந்த 100 யூனிட் எந்த மூலைக்கு!

இப்படி எழுதிய மாதச் செலவில் இரண்டு வருடத்துக்கு உண்டானதைத் தொடாமல் தனியாக வையுங்கள். வீடு கட்ட, தொழில் தொடங்க, பெண்ணுக்கு நகை என்று எதற்கும் அதில் கை வைக்கக் கூடாது. நாங்கள் ஒரு வருடத்துக்குத்தான் வைத்திருந்தோம். பதினோராவது மாதம் இருவருக்கும் தூக்கம் போனது.

கம்பெனி கொடுக்கும் செட்டில்மென்ட் பெரிய தொகையாக வரும் என்று நம்பியிருக்கிறோம். வருமா?

அமீரகத்தில் வேலையை விட்டுக் கிளம்பும்போது கம்பெனி தர வேண்டியது, முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள் சம்பளம். மொத்தமும் இரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டாது. பலரும் ஏமாறும் இடம் என்னவென்றால், இந்தக் கணக்கு பேசிக் (அடிப்படை) சம்பளத்துக்கு மட்டும்தான். வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி எதுவும் சேராது.

உதாரணமாக, கைக்கு 6,000 திர்ஹாம் வாங்கும் ஒருவருக்கு பேசிக் 3,000 என்று வையுங்கள். ஒரு நாள் சம்பளம் 100. பத்து வருடம் வேலை பார்த்திருந்தால் முதல் ஐந்து வருடத்துக்கு 105 நாள், அதாவது 10,500. அடுத்த ஐந்துக்கு 150 நாள், 15,000. மொத்தம் 25,500 திர்ஹாம். அவர் மனசில் 51,000 என்று வைத்திருப்பார். வேலை ஒப்பந்தத்தை எடுத்து பேசிக் எவ்வளவு என்று இன்றைக்கே பாருங்கள். கணவன், மனைவி இருவரும் வேலை பார்த்தால் இரண்டு ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கிளம்புவதற்கு முன் அங்கே என்னென்ன முடிக்க வேண்டும்?

அனுபவச் சான்றிதழை விசா ரத்தாகும் முன்பே வாங்கிவிடுங்கள். ஊருக்கு வந்தபிறகு மெயில் போட்டுக் கேட்டால் யாரும் பதில் போட மாட்டார்கள். கிரெடிட் கார்டு, வங்கிக் கடன் எல்லாம் அடைத்து, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். செட்டில்மென்ட் பணம் வந்து சேரும்வரை வங்கிக் கணக்கை மூட வேண்டாம். அங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ் இரண்டையும் அங்கேயே அட்டஸ்டேஷன் (அதிகாரபூர்வ சான்றொப்பம்) செய்து எடுத்து வாருங்கள். தடுப்பூசி அட்டையையும் பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளையும் கைப்பையில் வையுங்கள், கார்கோவில் போடாதீர்கள்.

நகை எவ்வளவு கொண்டு வரலாம்?

ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர் என்றால் பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் நகையாக வரியில்லாமல் கொண்டு வரலாம். பிஸ்கட்டும் காசும் நகையில் சேராது. அதற்கு மேல் இருந்தால் நீங்களாகவே சொல்லி வரி கட்டுங்கள். திருச்சி விமான நிலையத்தில் பிள்ளைகள் கண் முன்னால் பெட்டியைப் பிரித்து நிற்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

என்ஆர்இ கணக்கை அப்படியே வைத்துக்கொண்டால் என்ன? எங்கள் தெருவில் ஒருவர் வந்து ஆறு வருடமாக வைத்திருக்கிறாரே?

என்ஆர்இ என்பது வெளிநாட்டில் வசிக்கும்போது அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கான வங்கிக் கணக்கு. அவர் வைத்திருப்பது தவறு, மாட்டாமல் இருக்கிறார் என்பதுதான் விஷயம். அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி, இனி இங்கேதான் என்று முடிவு செய்து நீங்கள் வந்திறங்கிய நாளிலிருந்தே இங்கே வசிப்பவர் ஆகிவிடுகிறீர்கள். வங்கிக்குத் தெரிவித்து என்ஆர்இ, இங்கே வரும் வருமானத்துக்கான என்ஆர்ஓ இரண்டையும் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். என்ஆர்இ டெபாசிட்டுக்குப் பேசிய வட்டி முதிர்வு வரை கிடைக்கும், ஆனால் வந்த நாளிலிருந்து அந்த வட்டிக்கு வரி உண்டு. வெளிநாட்டுப் பணமாகவே வைத்திருக்கும் எப்சிஎன்ஆர் டெபாசிட்டை முதிர்வு வரை விட்டுவைக்கலாம்.

பணத்தை டாலராகவே வைத்திருக்க ஆசைப்பட்டால் ஆர்எப்சி என்று ஒரு கணக்கு இருக்கிறது, திரும்பி வந்தவர்களுக்காகவே உள்ளது. எங்கள் கிளையில் அந்தப் பெயரைச் சொன்னதும் எனக்கு என்ஆர்ஓ படிவத்தை நீட்டினார்கள். பெரிய ஊர்க் கிளைக்குப் போனால் வேலை சீக்கிரம் முடியும். மறுபடி வெளிநாடு போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் இந்தக் கணக்கு உபயோகமானது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

கொண்டு வந்த சேமிப்புக்கெல்லாம் வரி கேட்பார்களா?

வெளிநாட்டில் இருந்தபோது சம்பாதித்த பணத்தை இங்கே கொண்டு வருவதால் மட்டும் அது வருமானம் ஆகாது. வரி இல்லை. வந்த பிறகு அந்தப் பணம் போடும் குட்டிக்குத்தான் வரி. ஷார்ஜாவில் உள்ள வங்கிக் கணக்கையும் வைத்திருக்கலாம், தடை இல்லை.

இன்னொரு சலுகையும் உண்டு. முந்தைய 10 நிதியாண்டில் 9 ஆண்டு வெளிநாட்டில் வசிப்பவராகக் கணக்கிடப்பட்டிருந்தால், அல்லது முந்தைய 7 நிதியாண்டில் மொத்தம் 729 நாளோ அதற்குக் குறைவாகவோதான் இந்தியாவில் இருந்திருந்தால், வருமான வரிக்கு நீங்கள் ‘சாதாரணமாக வசிக்காதவர்’. அந்தக் காலத்தில் வெளிநாட்டில் விழும் வட்டிக்கும் வாடகைக்கும் இங்கே வரி கிடையாது. நீண்ட காலம் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு இது வழக்கமாக இரண்டு, மூன்று வருடம் கிடைக்கும். அது முடிந்ததும் வெளிநாட்டுக் கணக்கு, சொத்து எல்லாவற்றையும் ரிட்டர்னில் காட்டியே ஆக வேண்டும். முதல் வருட ரிட்டர்னை மட்டுமாவது ஆடிட்டரிடம் கொடுங்கள். இருவருக்கும் நாள் கணக்கு வேறாக இருக்கலாம். பிரசவத்துக்கு வந்து நான் எட்டு மாதம் இருந்தேன், அவர் இல்லை. ஆகவே இரண்டு பாஸ்போர்ட்டையும் கொண்டு போங்கள்.

வந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் சந்தோஷமாக இருக்கிறார், எனக்குத்தான் மூச்சு முட்டுகிறது. நான் அதிகமாக எதிர்பார்க்கிறேனா அக்கா?

இல்லை. பெண்கள் என்னிடம் அதிகம் கேட்டது இதைத்தான். பல பேர் போனைக் கையில் பிடித்தபடி மொட்டை மாடிக்கு ஏறிப் போய்க் கேட்டிருக்கிறார்கள், குரலிலேயே தெரியும். நான் இதை நிறைய யோசித்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தது அவர் பிறந்த வீட்டுக்கு. அவருடைய அம்மா, அவர் படித்த பள்ளி, அவர் சாயந்திரம் உட்கார்ந்த ஹரித்ராநதித் தெப்பக்குளக் கரை. நான் வந்தது என் மாமியார் வீட்டுக்கு. கல்யாணமாகி ஏழு மாதம்தான் அங்கே இருந்திருக்கிறேன். நடுவில் பதினான்கு வருடம் என் குடித்தனத்தை என் கையால் நடத்திய பெண், மறுபடியும் வாசலில் புது மருமகளாக நின்றேன். ஒரே விமானத்தில் வந்தாலும் இருவரும் இறங்கிய இடம் வேறு. இதைக் கணவர்மார் புரிந்துகொண்டால் பாதி சண்டை வராது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வந்த முதல் வாரம் அத்தையின் அஞ்சறைப்பெட்டியில் கடுகையும் சீரகத்தையும் இடம் மாற்றி வைத்தேன். ஷார்ஜாவில் கடுகு வலது ஓரம், கை அங்கேதான் போகும். மறுநாள் காலையில் கடுகு பழைய குழியில் இருந்தது. நான் மாற்றினேன். அடுத்த நாள் திரும்பவும் பழைய இடம். நாலு நாள் இப்படி. அத்தையும் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. கோபமாகக்கூட யாரும் இல்லை. சமையல்கட்டில் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் படாமல் நடந்தோம், அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவருக்கு இது புது செய்தி. மாடி அறையில் ஒற்றை அடுப்பும் எனக்கென்று ஒரு பெட்டியும் வாங்கி வைத்தார். காலைக் காப்பியும் பிள்ளைகளின் டிபனும் மாடியில், மதியச் சாப்பாடு எல்லோருக்கும் கீழே அத்தையின் கையால். இன்றைக்கும் அப்படித்தான்.

அடுப்பைவிட முக்கியமான ஒன்று உண்டு. அம்மாவிடம் சொல்ல வேண்டியதை மகனே சொல்ல வேண்டும். “எங்கே கிளம்பிட்டே?” என்று ஐந்து பேர் கேட்பது எனக்கு மட்டும்தான், அவரை யாரும் கேட்பதில்லை. “அவ வேலையா போறா, வந்துடுவா” என்று அவர் ஒருமுறை சத்தமாகச் சொன்னதில் அது பாதியாகக் குறைந்தது. நான் சொல்லியிருந்தால் அது பெரிய பிரச்சினையாகியிருக்கும்.

எங்கள் வீட்டில் தலைகீழ். எனக்குப் பழகிவிட்டது, அவர்தான் பேசுவதே இல்லை. என்ன செய்வது?

அவருக்கு எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்று கவனியுங்கள். என் வீட்டுக்காரர் நாலரை மணிக்கு எழுந்துவிடுவார், கம்பெனி பஸ் ஐந்தரைக்கு. ஊருக்கு வந்தும் ஆறு மாதம் அதே நேரத்துக்கு எழுந்து, முகம் கழுவி, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். போவதற்கு இடம் இல்லை. அங்கே முப்பது பேருக்குச் சாமான் கணக்கு சொன்னவர், இங்கே “கேஸ் சிலிண்டர் வந்துச்சா?” என்று மட்டும் கேட்கப்படுகிறார். வாரநாள்கூடக் குழம்பும். அமீரகத்தில் 2022 ஜனவரிவரை வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. இங்கே வெள்ளிக்கிழமை வந்தால் அவர் முகம் தானாக லேசாகும், ஞாயிற்றுக்கிழமை வங்கிக்குக் கிளம்புவார்.

இப்படி இருப்பவரிடம் “ஏதாவது வேலை பாருங்களேன்” என்று சொன்னால் இன்னும் உள்ளே போய்விடுவார். வீட்டில் மதிப்புள்ள ஒரு பொறுப்பை முழுசாக விடுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுவது, அப்பாவின் மருந்து, வீட்டுக் கணக்கு இப்படி ஏதாவது ஒன்று. நடுவில் புகுந்து திருத்தாதீர்கள். இவருக்கு மாமாவின் சர்க்கரை அளவைக் குறித்து வைக்கும் நோட்டுதான் கை கொடுத்தது. ஸ்டோர் கீப்பர் அல்லவா, தேதி வாரியாகக் கோடு போட்டு, நீலம் சிவப்பு இரண்டு பேனாவில் எழுதினார். டாக்டரே அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையை மாற்றினார்.

மூன்று, நான்கு மாதத்துக்குப் பிறகும் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நர்ஸாகச் சொல்கிறேன், இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

வந்ததும் என்ன தொழில் ஆரம்பிக்கலாம்?

முதல் ஆறு மாதம் எதுவும் வேண்டாம். நீங்கள் வந்திருப்பது தெரிந்ததும் கூட்டு சேர அழைப்பவர்கள் தாங்களாகவே வருவார்கள். அவர்களிடம் யோசனை இருக்கும், உங்களிடம் பணம் இருக்கும். எங்களிடமும் நன்கு தெரிந்த ஒருவர் வந்தார். நாலு லட்சம் போட்டோம், எழுத்தில் எதுவும் வாங்கவில்லை, ஒரு வருடத்தில் கடையும் இல்லை, பணமும் இல்லை. அவர் முகத்தில் இன்றும் விசேஷங்களில் விழிக்க வேண்டியிருக்கிறது.

ஆறு மாதம் ஊர் நிலவரம் பாருங்கள். நீங்கள் அங்கே செய்த வேலையை ஒட்டியே யோசியுங்கள். ஏசி மெக்கானிக்காக இருந்தவர் சூப்பர் மார்க்கெட் போடுவதைவிட ஏசி சர்வீஸ் ஆரம்பித்தால் சீக்கிரம் நிலைக்கிறார். கடன், மானியம் எல்லாவற்றுக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கடன் கேட்கும் சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது? இல்லை என்றால் முகம் மாறுகிறது.

இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள். இப்படிச் சொல்லலாம்: “பணம் டெபாசிட்டில் இருக்கு, இரண்டு வருஷத்துக்கு எடுக்க மாட்டோம்.” இது பொய்யும் இல்லை, முதல் பதிலில் சொன்ன அந்த இரண்டு வருடப் பணம்தான். கொடுத்தே ஆக வேண்டிய இடம் என்றால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைக் கொடுங்கள், கடன் என்று சொல்லாதீர்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். “எனக்குக் கொடுக்கணும்னு ஆசைதான், அவ ஒத்துக்க மாட்டா” என்று மனைவி தலையில் போடுவது பல வீட்டில் நடக்கிறது. அந்த நிமிடம் தப்பித்துவிடலாம். ஆனால் அன்றிலிருந்து அந்தச் சொந்தம் முழுவதும் அவள்தான் காசு விஷயத்தில் கல்நெஞ்சக்காரி. அவள் அதே தெருவில் முப்பது வருடம் வாழ வேண்டியவள்.

நாங்கள் அங்கே இருந்தபோது இவர் தம்பி பேரில் இடம் வாங்கினோம். இப்போது தம்பி பேசும் விதம் சரியில்லை. பத்திரம் எங்கள் பேருக்கு வருமா?

இதுதான் எனக்கு வரும் கேள்விகளிலேயே கஷ்டமானது. பினாமி தடைச் சட்டம் 1988-ல் வந்து 2016-ல் கடுமையாக்கப்பட்டது. கணக்குக் காட்டக்கூடிய பணத்தில் மனைவி பேரிலோ பிள்ளை பேரிலோ வாங்கினால் விலக்கு உண்டு. உடன்பிறந்தவர் என்றால், பத்திரத்தில் உங்கள் பெயரும் சேர்ந்திருந்தால்தான் விலக்கு. தம்பி பெயர் மட்டும் இருந்தால், பணம் நான் கொடுத்தது என்று சொல்லி நீதிமன்றத்தில் இடத்தைக் கேட்க அந்தச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பணம் அனுப்பிய ரசீது கட்டு கட்டாக இருந்தாலும் வழக்கு சிக்கல்தான்.

அதனால் வழி பேச்சுவார்த்தை. தம்பி மனமுவந்து, தானமாக எழுதும் செட்டில்மென்ட் பத்திரமாகவோ கிரயமாகவோ எழுதிக் கொடுத்தால் முடிந்தது. முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், இடம் அடமானத்தில் இருக்கிறதா என்று தெரியும். சிவில் வக்கீலிடம் ஒருமுறை கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள். பேசும்போது அண்ணனும் தம்பியும் மட்டும் உட்காராமல் இரண்டு மருமகள்களும் கூட இருக்கட்டும். ஓரகத்தி மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்த முடிவும் நிற்காது. பத்து வருடமாக மாமியார், மாமனாரைப் பார்த்துக்கொண்டது அவர்தான் என்றால் அவருக்கும் ஒரு நியாயம் இருக்கும். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் அங்கேயே இருப்பவர்கள் இனி வாங்கும் எதையும் கணவன், மனைவி இருவர் பேரிலும் எழுதுங்கள்.

வயல் வாங்கலாமா?

வெளிநாட்டில் இருக்கும்வரை விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் எதையும் விலைக்கு வாங்க அனுமதி இல்லை, பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். நிரந்தரமாகத் திரும்பியபின் வாங்கலாம். பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கம் நான்கையும் பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஐந்தாவதாக ஒன்று, வாய்க்கால் தண்ணீர் கடைசி வயலுக்கு எத்தனை நாளில் வருகிறது என்று பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள்.

பிள்ளைகளை எந்த வகுப்பில் கொண்டு வருவது நல்லது? தமிழ் எழுதவே தெரியாது.

எட்டாம் வகுப்பு முடிவதற்குள் வந்துவிடுங்கள். முடியாவிட்டால் பத்தையோ பன்னிரண்டையோ அங்கேயே முடித்துவிட்டு வாருங்கள். சிபிஎஸ்இ-யில் பொதுத் தேர்வுக்கான பதிவு ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றிலும் நடக்கிறது. நடுவில் மாற்றினால் பிள்ளைக்கும் கஷ்டம், பள்ளிக்கும் கஷ்டம். மேல்படிப்புக்கு, தமிழ்நாட்டுக்காரர் என்பதற்கான நேட்டிவிட்டி சான்று கேட்பார்கள், இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

2006-ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே பத்தாம் வகுப்புவரை தமிழ் ஒரு பாடம், சிபிஎஸ்இ பள்ளிகளுக்கும் படிப்படியாக வந்துவிட்டது. எங்கள் மகள் ஐந்தாம் வகுப்பில் வந்தாள். அரபி எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ‘ழ’ எழுத வரவில்லை, வலமிருந்து தொடங்குவாள். இரட்டைக் கோடு நோட்டில் தினம் அரைப் பக்கம், தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தார். டியூஷன் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஒரு வருடத்தில் கடிதம் எழுதினாள். கிளம்புவதற்கு ஒரு வருடம் முன்பே அங்கே வீட்டில் தமிழில் மட்டும் பேசத் தொடங்கினால் இன்னும் சுலபம்.

கம்பெனி இன்சூரன்ஸ் முடிந்துவிடும். இங்கே எப்போது எடுப்பது?

கிளம்புவதற்கு முன்பே எடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024 ஏப்ரலில் அது அதிகபட்சம் மூன்று வருடமாகக் குறைக்கப்பட்டது. புதுப் பாலிசிக்கு முதல் 30 நாள் விபத்து தவிர மற்றதற்குப் பணம் வராது. நீங்கள் அங்கே இருக்கும்போதே இந்த நாட்கள் ஓட ஆரம்பிக்கட்டும். நோயை மறைத்து எழுதாதீர்கள். மறைத்ததால் பணம் மறுக்கப்பட்ட குடும்பங்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.

ரேஷன் கார்டு, ஆதார், லைசென்ஸ்?

ரேஷன் கார்டுக்கு முதலில் பெற்றோர் கார்டிலிருந்து பெயர் நீக்க வேண்டும், பிறகு புது மின்னணு அட்டைக்கு விண்ணப்பம். இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் ஆதாருக்கு 182 நாள் காத்திருக்கத் தேவையில்லை. பான் அட்டையில் நிலையை மாற்றி ஆதாரோடு இணையுங்கள். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6.

லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். ஆகாவிட்டாலும் முதல் பத்து நாள் தனியாக வண்டி எடுக்காதீர்கள். அங்கே வலப்பக்கம் ஓட்டிய கை, ஆளில்லாத ரோட்டில்தான் தவறும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து “இடது, இடது” என்று சொல்லிக்கொண்டே வரட்டும்.

நான் அங்கே நர்ஸ். இங்கே சொல்லும் சம்பளத்தைக் கேட்டால் அழுகை வருகிறது. போகவா வேண்டாமா?

எனக்கும் வந்தது. அங்கே வாங்கியதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் போனேன், இரண்டு காரணம். ஒன்று, கையில் சொந்தக் காசு இல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை. இரண்டு, காலை எட்டு முதல் இரண்டுவரை நான் யாருடைய மருமகளும் இல்லை. நர்சிங் கவுன்சில் பதிவு காலாவதியாகியிருக்கும், முதல் வேலையாகப் புதுப்பியுங்கள். இரவு ஷிப்ட் வேண்டாம் என்று சேரும்போதே எழுதி வாங்குங்கள்.

திரும்பவும் போய்விடலாம் என்று இவர் சொல்கிறார். போனால் தோற்றுப் போன மாதிரிதானே?

கிடையாது. போனவர்களை எனக்குத் தெரியும், நல்லபடியாகத்தான் இருக்கிறார்கள். வேலைக்காகக் கிளம்பிவிட்டால் மறுபடி வெளிநாடு வாழ் இந்தியர்தான். ஆர்எப்சி கணக்கில் உள்ள பணத்தை அப்போது என்ஆர்இ-க்கு மாற்றிக்கொள்ளலாம், முன்பு சொன்னேனே அந்தக் காரணம் இதுதான். பழைய விசாவை நம்ப வேண்டாம். அமீரகத்துக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதம் இருந்தால் சாதாரண ரெசிடென்ஸ் விசா செல்லாது.

ஆனால் முதல் வருடத்தில் முடிவு எடுக்காதீர்கள், வந்த எல்லோருக்குமே ஏழாவது, எட்டாவது மாதத்தில் இந்த எண்ணம் வருகிறது. அப்புறம், யார் போவது என்பதைப் பேசுங்கள். அவர் மட்டும் போய் நீங்கள் மாமியார் வீட்டில் இருப்பதாக முடிவாகிறது என்றால், மூச்சு முட்டுவதைப் பற்றிச் சொன்ன பதிலை இருவரும் சேர்ந்து ஒருமுறை படியுங்கள். நீங்கள் யாருக்காக இருக்கிறீர்கள், எத்தனை நாளுக்கு, உங்கள் பேரில் மாதம் எவ்வளவு வரும் என்று பேசி முடித்தபிறகு டிக்கெட் போடட்டும்.

நேரில் வந்து பேசலாமா?

தாராளமாக வாருங்கள். எனக்கு மதியம் இரண்டு மணிக்கு டூட்டி முடியும், நாலு மணிக்கு மேல் வீட்டில் இருப்போம். வரும்போது இருவரும் சேர்ந்து வாருங்கள். அவரிடம் என் வீட்டுக்காரர் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கட்டும், நாம் மாடியில் காப்பி போட்டுக்கொள்ளலாம்.